அரை மணி

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தினமும் ஒருவர் சாப்பிடுவதை அறுபது பிள்ளைகள் தட்டோடு நின்று பார்ப்பார்கள். சத்துணவு சமைக்கும் அக்கா அவர். சோற்றை வடித்து, சாம்பார்ச் சட்டியை மூடிவைத்துவிட்டு, ஒரு சின்னத் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு சமையல்கூடத்து வாசற்படியில் உட்காருவார். அவசரமில்லாமல் சாப்பிடுவார். முட்டை போடும் நாளென்றால் ஒரு முட்டையை உடைத்து மோந்து பார்த்துவிட்டுத் தின்பார். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். அரை மணி நேரம். அதுவரை ஒரு பருக்கை அந்த வாசலைத் தாண்டாது.

சமைத்தவர் முதலில் தின்று பார்க்க வேண்டும், அரை மணி கழித்துத்தான் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்ற பள்ளிக்கூடங்களில் அந்த விதியை நோட்டில் கையெழுத்தாகத்தான் பார்த்திருக்கிறேன். அக்கா ஒருவர்தான் அதை வயிற்றில் வாங்கிக்கொண்டவர்.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘அரைமணியக்கா’தான். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் வந்திருந்தபோது தலைமையாசிரியர் சமையல்கூடத்துக்கு ஓடிவந்து, “ஏம்மா, இன்னைக்கு ஒரு நாள் சீக்கிரம் போடக்கூடாதா? சார் போட்டோ எடுத்துட்டுக் கெளம்பணுங்காரு” என்று கெஞ்சினாராம். அக்கா கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், “அவியளுக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கேன். பதினேழு நிமிசம் கெடக்கு” என்றாராம். தன் தம்பி மகள் நிச்சயதார்த்தத்தில் பாயசத்தை முதல் ஆளாய்க் குடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை இலையில் உட்கார விடாமல் நிறுத்திவைத்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். சம்பந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்களாம். இறக்கிக் கூட்டிவந்ததும் அக்காதான். “பால் திரிஞ்சிருந்தா வேன்லயாடே போயிருப்பிய? ஆம்புலன்ஸ்லல்லா போயிருப்பிய” என்று ஒரே கேள்வி.

இப்போது அவர் ஓய்வு பெற்று, குலசேகரன்பட்டினம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். நான் அவரை அறிந்தது ஒன்றரை வருஷம்தான்.

தூத்துக்குடியிலிருந்து தெற்கே, உப்பளங்களும் பனங்காடும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தது அந்த ஊர். நான் தாவரவியல் படித்துவிட்டு ஒரு தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புயல், வெள்ளம் என்று வந்து ஊர் துண்டிக்கப்பட்டால், சுற்றியிருக்கிற காட்டுச் செடிகளில் எதைத் தின்னலாம், எதைக் காயத்துக்கு வைக்கலாம் என்று கடற்கரை ஊர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முடிவில் அதை ஒரு கையேடாக எழுதித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் புயல் காப்பகத்தின் மாடியில் வகுப்பு. ஊரில் அது ஒன்றுதான் தூண்மேல் நிற்கிற கட்டடம்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். பள்ளிக்கூடப் பக்கம் ஒழுங்காகப் போனவனும் நான்தான். அதனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘தெரியாது’ என்று சொல்ல வராது. வங்கிப் படிவம், மருந்துச் சீட்டு, வழக்குக் காகிதம் எல்லாம் தெருவே என்னிடம் கொண்டுவரும். “படிச்ச புள்ள, நீ பாத்துச் சொல்லு” என்பார்கள். படித்தவனே தெரியாது என்று சொல்லிவிட்டால் அவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஆகவே ஏதாவது சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும்.

முதல் வகுப்புக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பெண்கள், ஒரே ஒரு ஆண். அவர் படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக் அண்ணாச்சி. சுண்டல் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு வந்ததாக அவரே சொன்னார். நான் சுவரில் படங்களை ஒட்டி, சாரணை, மூக்கிரட்டை, உமரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசி வரிசையில் அக்கா கையைத் தூக்கினார்.

“சார், நீங்க இதத் தின்னுருக்கியளா?”

மூக்கிரட்டைப் படத்தில் என் குச்சி நின்றது. “இல்லக்கா. ஆனா புத்தகத்துல…”

“சரி. அப்ப இது அடுத்த வாரம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் கவலையோடு, “அப்ப சுண்டல்? அதயாவது சாரு தின்னுருக்காரா?” என்று கேட்டார்.

அக்கா என்னை மட்டம்தட்டக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிய நாலு வாரம் ஆயிற்று. அவர் எல்லாச் செடிக்கும் அதையே கேட்டார். நான் சொன்ன ஒன்பதில் மூன்றைத்தான் தின்றிருந்தேன். வெட்கத்தோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சாரணையையும் மூக்கிரட்டையையும் கொடுத்துச் சமைக்கச் சொன்னேன். “ஏலே, இதப் பறிக்கவா ஒன்னய காலேசுக்கு அனுப்புனேன்? இதத் தின்னு தின்னுதானலே நான் அளத்துல கெடந்தேன்” என்று அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். அடுத்த ஞாயிறு நான் போய், “தின்னுட்டேன்க்கா” என்றதும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எப்பம்?” என்றார்.

“நேத்து மத்தியானம்.”

“சரி, சொல்லுங்க” என்று காலை மடக்கி உட்கார்ந்தார்.

படிப்பதில் அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. நோட்டுக் கிடையாது. காட்டிய செடியில் ஒரு கிள்ளு எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொள்வார். முந்தி முழுக்க முடிச்சு முடிச்சாய் இருக்கும். அடுத்த வாரம் முடிச்சை அவிழ்த்தால் சருகு உதிரும். “காஞ்சுபோச்சேக்கா, இத வச்சு என்ன செய்ய?” என்று கேட்டேன். “பச்சையா இருக்கைலதான் எல்லாத்துக்கும் தெரியுமே. காஞ்சா எப்படி இருக்கும்னு பாக்காண்டாமா? வெயில் காலத்துல வெள்ளம் வராதுன்னு எழுதி வாங்கியிருக்கியளா?” என்றார்.

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இருந்ததில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காட்டு வழியாகத்தான் நடந்திருக்கிறார். என்றாலும் ஒரு செடியைக் காட்டி இது என்னவென்று கேட்டால், “தெரியாது. எங்க அம்மைக்குத் தெரியும்னு சொல்லுவா. அவ சொன்னத நான் தின்னு பாக்கல” என்பார். வகுப்பில் ஆடு வளர்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். நாலு வயசு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அவள் ஒருநாள், “எதுக்கு சார் இம்புட்டுப் பாடம்? ஆடு கடிக்கிறத நாமளும் கடிச்சுக்கிட வேண்டியதுதான” என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அக்கா திரும்பினார்.

“ஏளா, ஒன் ஆடு எருக்கெலையத் திங்கி. எலெக்சன் போஸ்டரத் திங்கி. போன வாரம் இந்த அண்ணாச்சி லுங்கியத் தின்னுச்சு. நீயும் தின்னு.”

“லுங்கி நல்ல லுங்கிதான்” என்றார் அண்ணாச்சி.

உமரி பறிக்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. சாலையோர ஓடையிலேயே தளதளவென்று கிடந்தது. நான் குனிந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். தண்டில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய தூசி. “செடி நல்லது. கெடக்க எடம் நல்லதில்ல.” வெயிலில் இரண்டு மைல் நடத்திக் கூட்டிப்போய், கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழிமுகத்தில்தான் பறிக்கவிட்டார். அதை அலசி, இரண்டு தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டி, தேங்காய் போட்டு வதக்கி, தான் தின்று, அரை மணி உட்கார்ந்து, அதன் பிறகு எனக்குக் கொடுத்தார். புத்தகத்தில் ‘உண்ணத்தக்கது’ என்று ஒரு சொல்லாக இருந்தது அன்றைக்கு என் நாக்கில் உப்பாக ஏறியது.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனவன் திரும்பி வர முடியவில்லை. காலையிலிருந்தே மழை. மாலையில் ஆற்றுப் பக்கத்துக் குளம் உடைந்து தண்ணீர் வந்தது. இருட்டுவதற்குள் காப்பகத்தை ஒட்டியிருந்த இரண்டு தெருவும் அதன் மாடிக்கு ஏறிவிட்டன. முப்பது சொச்சம் பேர், அதில் பதினோரு பிள்ளைகள். சாலை அறுந்துவிட்டது. ஃபோன்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

அக்கா வரும்போதே பள்ளிக்கூடத்து அரிசியில் அரை மூட்டையை அண்ணாச்சி தலையில் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார். கருப்பட்டி இரண்டு ஓலைக் கொட்டான் வந்தது, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் மிளகாய்ப்பொடியும் வந்தன. உப்புக்குக் கேட்கவா வேண்டும், அது உப்பள ஊர். மொட்டைமாடியில் மழைத்தண்ணீரைப் பிடித்தோம். காப்பகத்தை ஒட்டி ஒரு முருங்கை நின்றது. அதன் மேல்கொப்புகள் மாடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. வகுப்பில் நான் சொன்ன ஒன்றை அக்கா எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார். “வெள்ளத் தண்ணி தொட்ட எலை வேண்டாம். கக்கூஸ் தண்ணியும் எண்ணெயும் அதுலதான் வருது. ஒசரத்துல இருக்கதத்தான் பறிக்கணும்.” இரண்டு நாளும் கஞ்சியும் முருங்கைக் கீரையும். ஒவ்வொரு வேளையும் அவர் முதலில் குடிப்பார். அரை மணி. பிள்ளைகளுக்கு அது பழக்கம்தான். பெரியவர்கள்தான் முணுமுணுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அரிசி ஒரு படி மட்டும் மிச்சம். எட்டுகிற முருங்கைக் கொப்பெல்லாம் மொட்டை. தூரத்துக் கொப்பு ஒன்று தழைத்து நின்றது. ஆனால் முருங்கைக் கிளையில் யார் ஏறுவது? ஆட்டுக்காரப் பெண்ணின் மகன் அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மா மடியில் கிடந்தான்.

அப்போதுதான் நான் பின்பக்கத்து உடைமரத்தைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே, மரம் முழுக்க ஒரு கொடி ஏறியிருந்தது. கொத்துக் கொத்தாய்ப் பச்சைக் காய்கள், வெள்ளைக் கோடு போட்டவை. கோவைக்காய்! இவ்வளவு நாள் நான் படித்ததற்கு ஒரு பயன் வந்துவிட்டது என்று தோன்றியது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் போய், ஒரு வாளி நிறையப் பறித்துவந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அக்கா ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“உருண்டையால்லா இருக்கு. கோவைக்கா நீட்டமாத்தான இருக்கும்?”

“பிஞ்சுக்கா. போகப் போக நீளும்.”

கொடியோடு வந்திருந்த இலையை விரித்தார். “இது அஞ்சு வெரலா வெட்டுப்பட்டுக் கெடக்கு. எங்க வேலியில நிக்க கோவைக்கு இம்புட்டு வெட்டுக் கெடையாது.”

“கோவைக்கு எலை பல மாதிரி வரும்க்கா. புத்தகத்துலயே இருக்கு.”

உண்மைதான். புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. ‘இலை வடிவம் மாறுபடும்.’ தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய வரி. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மாறுபடும் என்று ஒரு தரம் படித்துவிட்டால், எதைப் பார்த்தாலும் அதற்குள் அடக்கிவிடலாம்.

“பூ எங்க?”

“மழைல உதிந்திருக்கும்.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “இதத் தின்னுருக்கியா தம்பி?”

“கோவைக்கா தின்னாதவன் உண்டாக்கா?”

“நான் கேட்டது இத.”

சுற்றிலும் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த பிள்ளை. “கோவைதான்க்கா. எனக்குத் தெரியும்” என்றேன்.

“அந்த முருங்கக் கொப்ப யாராவது வளைச்சா போதும்” என்றார் அவர், என்னிடம் இல்லை, அண்ணாச்சியிடம்.

“மூணு நாளா முருங்கை! நாளைக்கு எல்லாத்துக்கும் முதுகுல காய் காய்க்கும்” என்றார் அண்ணாச்சி. “சாரு உயிரக் குடுத்துப் பறிச்சிட்டு வந்துருக்காரு. போடும்மா அடுப்புல.”

காய்களை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு வேகவைத்தார். வாசம் கிளம்பியதும் பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். அக்கா தட்டில் ஏழெட்டுத் துண்டு போட்டுக்கொண்டார். நானும் கை நீட்டினேன். “நானும் உங்ககூடத் திங்கேன்க்கா.”

“ரெண்டு பேரும் விழுந்தா யாரு பாக்க? தள்ளி நில்லு.”

முதல் துண்டிலேயே முகம் சுளித்தது. “கசக்குது.”

“காட்டுக் கோவை கசக்கும்க்கா” என்றேன். அதுவும் உண்மைதான்.

தின்று முடித்துவிட்டு, சட்டிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தார். கடிகாரம் இல்லை. எல்லாருடைய ஃபோனும் செத்துப்போயிருந்தது. அண்ணாச்சி கையில் மட்டும் ஒரு கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நீங்கதான் பாத்துச் சொல்லணும். அரை மணி.”

“ஏம்மா, வெள்ளத்துலயுமா ஒனக்கு அரை மணி? பச்சப் பிள்ளைய சுருண்டு கெடக்கு, இவ நேரம் பாக்கா! கோட்டி புடிச்சிருக்கு ஒனக்கு.”

“இருக்கட்டும். பாருங்க.”

பத்து நிமிஷம் போயிற்று. ஆட்டுக்காரப் பெண் எழுந்து வந்தாள். அதுவரை அவள் அக்காவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. “ஒரு துண்டு குடு மைனி. எம் பிள்ளைக்கு ஒரே ஒரு துண்டு. நான் ஊதிக் குடுத்துக்கிடுதேன்.”

“இன்னும் இருவது நிமிசம்ளா.”

“உனக்குப் பெத்த பிள்ளை பக்கத்துல இல்ல. அதான் இப்படிப் பேசுத.”

அக்கா நீட்டிய காலை மடக்கவில்லை. எனக்கு அப்போது அவர்மேல் கோபம் வந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னை எல்லார் முன்னாலும் நம்பாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

“எத்தன ஆச்சு அண்ணாச்சி?”

“பத்தொம்போது.” சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, “இருவத்தி ரெண்டு” என்றார். அவர் குரலில் கிண்டல் போயிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில், மழைச் சாரலில், முத்து முத்தாய் வேர்த்திருந்தது.

அக்கா எழுந்தார். அடுப்பிலிருந்த சட்டியைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி, மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தில் கவிழ்த்தார். பிறகு வாளியை எட்டி உதைத்தார். மிச்சக் காய்கள் படியில் உருண்டு தண்ணீருக்குள் போயின. அதற்குப் பிறகுதான் குனிந்து வாந்தியெடுத்தார்.

முதலில் சட்டி. பிறகுதான் வாந்தி. அந்த வரிசையை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வயிற்றாலும் போயிற்று. நான் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு அழுதேன். “ஏலே, யாரும் திங்கலையே?” என்று கேட்டார். “இல்லக்கா.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “அந்தச் சின்னவன்?” “இல்லக்கா, யாருமே திங்கல.” அதன் பிறகுதான் கண்ணை மூடினார்.

வகுப்புக்கு வந்த பெண்கள்தான் அப்போது கைகொடுத்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. கொதித்து ஆறிய மழைத்தண்ணீரில் கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து, கரண்டி கரண்டியாய் ஊற்றிக்கொண்டே இருந்தாள் ஆட்டுக்காரப் பெண். வாந்தியெடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். “குடி மைனி… நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாத, குடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சி எஞ்சின் கயிற்றில் சுருக்குப் போட்டு, அந்தத் தூரத்து முருங்கைக் கொப்பை வளைத்து ஒடித்தார். அரை மணி வேலைகூட இல்லை. மிச்சமிருந்த அரிசியோடு அந்தக் கீரையைப் போட்டுக் காய்ச்சிய கஞ்சியைத்தான் பிள்ளைகள் குடித்தார்கள். கீரையை யாரோ ஒருத்தி முதலில் தின்றாள். எல்லாரும் காத்திருந்தார்கள். இந்தத் தடவை யாரும் முணுமுணுக்கவில்லை.

மாலையில் மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். அக்காவை முதலில் ஏற்றினோம்.

*

ஆஸ்பத்திரியில் நாலு நாள். நர்ஸ் அம்மா, கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்றார். தண்ணீர் வடிந்ததும் அந்தக் கொடியில் ஒரு காய் பறித்து என் பேராசிரியரிடம் காட்டினேன். முதல் வருஷப் பையன்களைத் திட்டுவதுபோல் திட்டினார். ஐவிரலி. கோவையின் பங்காளி. காய் நஞ்சு.

டாக்டர் அக்காவையும் விடவில்லை. “தின்னு பாக்கிறதெல்லாம் பரிசோதனையாம்மா? சில விஷம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும். அப்ப ஈரல் போயிருக்கும். உங்க அரை மணி ஆக்கின சோத்துக்குச் சரி. காட்டுக் காய்க்கு ஆகாது.”

அக்கா வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இருபத்தைந்து வருஷம் அவர் உட்கார்ந்திருந்த வாசற்படியை யாரோ பெயர்த்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு. பெயர்த்தவன் நான்தானே. “அப்ப அன்னைக்கி அரை மணி கழிச்சு அது காட்டாம இருந்துருந்தா நான் பிள்ளையளுக்குப் போட்டுருப்பேன், என்ன?” என்று மட்டும் கேட்டார்.

நான் வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். கடிதமும் எழுதியாயிற்று. கடைசியாக ஒரு வகுப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடி ஏறினால், அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முந்தியில் இரண்டு பெரிய முடிச்சு. பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் மூடிய தூக்குவாளியும்.

நான் பேச ஆரம்பிக்குமுன் அவர் முடிச்சுகளை அவிழ்த்துத் தரையில் பரப்பினார். ஒன்று அந்த உடைமரத்துக் கொடி. இன்னொன்று அவர் வீட்டு வேலியில் நின்றது. இரண்டும் காய்ந்திருந்தன.

“சார், இதச் சொல்லிக் குடுங்க.”

“அக்கா, நான் இனிமே…”

“அது பெறவு. இதச் சொல்லுங்க.”

உட்கார்ந்து சொன்னேன். இது கோவை, தனித்தனியாய்க் காய்க்கும்; அது ஐவிரலி, கொத்தாய். இதற்கு வெள்ளையாய்ப் பெரிய பூ, அதற்கு மஞ்சளாய்ச் சின்னது. பழுத்தால் இதில் கோடு போய்விடும், அதில் நிற்கும். அக்கா கேட்டுவிட்டு, கொடியின் சுருள் கம்பியை நகத்தால் நெம்பினார்.

“இதையும் சேத்துக்கிடுங்க. எங்க வேலிக் கொடிக்கு ஒத்தக் கம்பி. அந்தப் பாழாப் போனதுக்கு நுனி ரெண்டாப் பிரியுது. வீட்டுல காயப்போட்டு ஒரு வாரம் பாத்தேன். பூ உதிரும், காய் உதிரும். கம்பி காஞ்சாலும் நிக்கும்.”

அது புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

“அதத் தின்னா என்ன செய்யும்னு கையேட்டுல எழுதணும்லா?” என்றார். “எழுதுங்க, சொல்லுதேன். எனக்குத்தான் தெரியும். வாயில வச்சதும் கசக்கும். தண்ணி குடிச்சாலும் கசப்புப் போவாது. கால் மணியில வயித்துல ஒரு பெரட்டல். அப்பறம் வேர்க்கும், கை நடுங்கும்…” நான் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். “கடைசியா இதப் போடுங்க. தின்னு பாத்துக் கண்டுபுடிக்காத. தெரியலன்னா பறிக்காத. பெரிய எழுத்துல போடுங்க. இல்லன்னா அண்ணாச்சி மாதிரி ஆள் படிக்காது.”

“நான் எந்த எழுத்தையும் படிக்க மாட்டேன்” என்றார் அண்ணாச்சி.

அக்கா தூக்குவாளியைத் திறந்தார். கோவைக்காய். தன் வேலியில் நின்றது, வருஷக்கணக்காய் அவர் வீட்டில் வதக்கித் தின்பது. அடுப்பில் வைத்துச் சூடாக்கி, சின்னத் தட்டில் ஏழெட்டுத் துண்டு எடுத்துக்கொண்டு வாளியை மூடினார். வழக்கம்போல் தட்டைத் தன் மடியில் வைக்கவில்லை. என் முன்னால் நகர்த்தினார்.

“நீங்க தின்னுங்க சார். எல்லாரும் பாக்கட்டும்.”

என் சட்டைப் பையில் கடிதம் மடித்தபடி இருந்தது. நான் ஒவ்வொரு துண்டாய்த் தின்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆட்டுக்காரப் பெண்ணின் மகன் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணாச்சி யாரும் சொல்லாமலே கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். வெளியே உப்பளத்தில் வடிந்தும் வடியாத தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது.

“அரை மணி ஆச்சு” என்றார் அண்ணாச்சி கடைசியில்.

அக்கா என் நெற்றியைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை.

“இருக்கட்டும். இன்னுங் கொஞ்சம் பாப்போம்” என்றார்.